ரிப்பேர் பார்த்த திருடன்

அத்தியாயம் 4

"என்கிட்ட இருந்து திருட்டுப் போனது ஒரு சத்தம்" என்றார் கிதர் முகம்மது.

தமிழ்மதி நோட்டைத் திறந்தாள். அவளுடைய உதவியாளன் பாண்டியராஜ் வாயைத் திறந்தான்.

"சத்தமா பாய்? எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. வேணும்னா ஒண்ணக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"அண்ணே" என்றாள் தமிழ்மதி, தலை நிமிராமலே. அவன் வாயை மூடிக்கொண்டான்.

தமிழ்மதிக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டவள். எந்த வண்டி தானாகப் புளியமரத்தில் மோதியது, எந்த வண்டியை அதன் சொந்தக்காரரே அழைத்துக்கொண்டு போய் மோதவிட்டார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வண்டியின் முகத்தை. இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பூட்டுக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். பாண்டியராஜ் அவளைவிட ஏழு வயது மூத்தவன். வேடசந்தூர் நூல் மில் ஒன்றில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டினான். மில் ஒரு ஷிப்டைக் குறைத்தபோது இவனையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. தமிழ்மதியிடம் ஆம்னி வேன் ஓட்டத்தான் சேர்ந்தான். பேச்சு கூடவே வந்துவிட்டது.

அவர்கள் நின்றிருந்தது பேகம்பூரில், தோல் வியாபாரி கிதர் முகம்மதுவின் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில். ஷெட்டுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு சீட், மடக்கினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் துணிக் கூரை. ஜப்பானில் செய்து முப்பத்துநான்கு வருடம் ஆகிறது. முன்விளக்கு இரண்டும் பானட்டுக்குள் மூடிக் கிடக்கும். ஸ்விட்சைப் போட்டால் தவளை எட்டிப் பார்ப்பது போல மேலே எழும்பும். மலேசியாவிலிருந்து ஊர் திரும்பிய பெரியப்பா மகன் கப்பலில் கொண்டுவந்த வண்டி. கிதர் முகம்மதுவின் கைக்கு வந்து பதினொரு வருடம். சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் மற்ற வீடுகளுக்கு சாக்லேட்டும் சென்ட்டும் வரும். இவருக்கு பிரேக் பேடும் ரேடியேட்டர் ஹோஸும் வரும். துடைக்கிற துணிகூடக் கடையில் வாங்கியது இல்லை, தன் குடோனிலேயே பதப்படுத்திய மெல்லிய ஆட்டுத்தோல்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க பாய்" என்றாள் தமிழ்மதி.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு எடுப்பேன். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்புவேன். மத்த நாள் துடைக்கிறதோட சரி. மூணு வெள்ளிக்கு முன்னால ஸ்டார்ட் பண்றேன், சத்தமே இல்ல! தாய்லாந்துல இருந்து வரவழைச்சுப் போட்ட சைலன்சர் மேடம். உறுமினா மலைக்கோட்டை வரைக்கும் கேக்கும். அதைக் கழட்டிட்டு, கம்பெனியிலயே வந்த பழைய ஊமைச் சைலன்சரை மாட்டி வச்சிருக்கான்."

"சரி."

"அடுத்த வெள்ளி ஸ்பிரிங். வண்டி தரையோட தரையா நிக்கணும்னு குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தேன். அதைக் கழட்டிட்டுப் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுட்டான். நாலு விரல் உசந்து நிக்குது, பாருங்க."

"முன்னால வேகத்தடையில அடி இடிக்குமோ?"

"இடிக்கும்."

"இப்ப?"

"இடிக்கல" என்றார் கிதர் முகம்மது, வேதனையோடு.

பாண்டியராஜ் மோவாயைத் தடவினான். "அப்புறம்?"

"போன வெள்ளி, கண்ணு. இடது பக்க விளக்கு ரெண்டு வருஷமாப் பாதிதான் எந்திரிக்கும். போற வாறவங்களப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். நானும் மெக்கானிக் அந்தோணிராஜும் என்னென்னமோ பண்ணிப் பாத்தோம். இப்ப ரெண்டு கண்ணும் டக்குனு தொறக்குது."

"பாய், இந்தத் திருடன் அட்ரஸ் கெடச்சா மொதல்ல எங்க ஆம்னியக் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றான் பாண்டியராஜ். "சைடு கதவு ஆறு மாசமா நகர மாட்டேங்குது. ராத்திரியோடு ராத்திரியா வந்து திருடிட்டுப் போகட்டும்."

கிதர் முகம்மது சிரிக்கவில்லை. ஷெட்டின் பூட்டு உடைபடவில்லை, சாவி மொத்தம் மூன்று, ஒன்று தன்னிடம், ஒன்று வீட்டில், ஒன்று அந்தோணிராஜிடம் என்று விரல் மடக்கினார். "பதினொரு வருஷப் பழக்கம். நோன்புக் கஞ்சி ஒருநாள் தவறாம அவன் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் கேக் அவன் வீட்டுல இருந்து மொதல்ல இங்கதான் வரும். போய் நேராவே கேட்டேன், நீயாப்பா பண்ணினேன்னு. ஆமாங்கல, இல்லைங்கல. மேல கூரையப் பாக்குறான். இப்ப பேச்சுவார்த்தை இல்ல."

ஆட்டுத்தோலை எடுத்து பானட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பைபாஸ் ஓரத்து மைதானத்துல கார் கிளப்காரங்க போட்டி வைக்கிறாங்க. வரிசையா கூம்பு வச்சிருப்பாங்க. இடிக்காம வளைச்சு வளைச்சு ஓட்டணும். ஊர் பூராவும் சொல்லிட்டேன், நான் ஓட்டுறேன்னு. இந்த நெலமையில எப்படி ஓட்டுறது? இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். நீங்க ஆளைக் காட்டலைன்னா அந்தோணிராஜ் பேர்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்."

அப்போது கிதர் முகம்மதுவின் மனைவி ஷரீஃபா டீயும் சமோசாவுமாக வந்தார். ஐம்பதைத் தொடும் வயது, சிறிய உருவம், தலையில் முக்காடு. வேலை செய்யும் பெஞ்சின் மேல் கிடந்த ஸ்பானரை எடுத்துச் சுவர்ப் பலகையில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் தட்டை வைத்தார்.

"சர்க்கரை தூக்கலா இருக்கும். பரவால்லையா?"

"சமோசா இருக்கும்போது சர்க்கரையப் பத்தி யாரு கேக்கப் போறா?" என்றான் பாண்டியராஜ். அவர் புன்னகைத்துவிட்டுப் போனார்.

தமிழ்மதி டீயைத் தொடாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த கண்ணாடியை மட்டும் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க உக்காந்து பாருங்க."

பாண்டியராஜ் தன் உடம்பை நான்காக மடித்து உள்ளே நுழைத்தான். கண்ணாடியில் பின்பக்கச் சாலை தெரிய வேண்டும். அவனுக்கு ஷெட்டின் தரைதான் தெரிந்தது. பதினெட்டு வருட பஸ் டிரைவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"என்னையவிடக் குட்டையான ஆளு கடைசியா ஓட்டியிருக்காரு. உங்க உசரம் இருக்கலாம் மேடம். பாய், நீங்க ஆறடி. இது உங்களுக்குத் தெரியலையா?"

"நான் எதுக்குப் பின்னால பாக்கணும்? பின்னால வர்றவன்தான் என்னைப் பாக்கணும்" என்றார் கிதர் முகம்மது.

"அந்தோணிராஜ்?"

"அவனும் என் உசரம்தான். ஆனா வண்டிய யாரும் ஓட்டல மேடம். அரை டேங்க் பெட்ரோலோட நிறுத்துனா அடுத்த வெள்ளியும் அரை டேங்க்தான் இருக்கு. சொட்டுக் குறையல."

"கிலோமீட்டர் எம்புட்டு காட்டுது?"

"அது நின்னுபோயி அஞ்சு வருஷம் ஆச்சு."

தமிழ்மதி முதல் முறையாகச் சிரித்தாள். "சத்தத்தச் சரி பண்ணியாச்சு, ஸ்பிரிங்கச் சரி பண்ணியாச்சு, கண்ணைச் சரி பண்ணியாச்சு. மூணையும்விட லேசான வேலை கிலோமீட்டர் மீட்டர். ஒரு கேபிள மாத்துனா ஓடும். அத மட்டும் ஏன் தொடல? அது ஓடினா, எம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தாங்கன்னு தெரிஞ்சு போகுமே! உங்க வண்டி நல்லா ஊர் சுத்துது பாய். பெட்ரோலும் போட்டுக்கிட்டு."

கிதர் முகம்மது அருகிலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இடது விளக்கைத் தமிழ்மதி கழற்றிப் பார்க்கச் சொன்னாள். பாண்டியராஜ் கழற்றினான். விளக்கைத் தூக்கிவிடும் மோட்டார் கம்பியின் மூட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை நைலான் வளையம் இருந்தது, புஷ் என்பார்கள். புதியது. அதைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சமோசா வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"மேடம், இது கார் சாமானே இல்ல. நூல் மில் மெஷின்ல போடுறது. ஓரத்துல பச்சக் கோடு பாத்தீங்களா? வேடசந்தூர்ல லேத் பட்டறை வச்சிருக்கிற ஈஸ்வரன்தான் இதைக் கடைஞ்சு மில்லுகளுக்குக் குடுப்பாரு. பச்சக் கோடு அவரு அடையாளம்."

கை கழுவப் புறக்கடைக்குப் போனான். குழாயடியில் பாகற்கொடி செழித்துப் படர்ந்திருந்தது. கொடிக்கு ஊன்றியிருந்த கம்பு பளபளவென்று மின்னியது. பாய் வீட்டில் கொடிக்கம்புகூட எவர்சில்வர் என்று வியந்தபடியே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான். தமிழ்மதியும் போய்க் கை கழுவினாள். அவள் திரும்பி வரச் செத்த நேரம் ஆனது.

*

வேடசந்தூர் போகும் வழியில் நாகல் நகரில் அந்தோணிராஜின் ஒர்க்‌ஷாப்பில் ஐந்தே நிமிடம் நின்றார்கள். ஒரு ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு நீளக் கால்கள் தெரிந்தன. மீதி அந்தோணிராஜ் உள்ளே இருந்தார்.

"அஞ்சு மணிக்கு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம்" என்றாள் தமிழ்மதி, அந்தக் கால்களிடம்.

கால்கள் அசையவில்லை. "குடுக்கட்டும்."

"உங்களுக்கு ஆள் தெரியும்."

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா. அதனாலதான் ஒண்ணும் சொல்லாம இருக்கேன்."

"சொல்ல மாட்டேன்னு யாருக்காவது வாக்குக் குடுத்திருக்கீங்களா?"

ஜீப்பின் அடியில் ஸ்பானர் ஒன்று கீழே விழுந்தது. வேன் கிளம்பிய பிறகு பாண்டியராஜ் சொன்னான், "பாவம் மேடம். மனுசன் வாயில பூட்டுப் போட்டு சாவியையும் முழுங்கிட்டாரு. நம்ம ஊரு பூட்டு போல."

ஈஸ்வரனின் பட்டறை வேடசந்தூர் மெயின் ரோட்டிலேயே இருந்தது. ஆம்னியின் வேகத்துக்கு, போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு போட்ட புஷ்ஷைக் கையில் வாங்கியதும் ஈஸ்வரன் மெஷினை நிறுத்தினார்.

"ஏனுங்க, உடைஞ்சு போச்சா?"

"இல்லீங்க, நல்லா இருக்கு. இத வாங்கினது யாருன்னு தெரியணும்."

"ஒரு பாயம்மா வந்தாங்க. கிரைண்டர் மோட்டாருக்குன்னு சொன்னாங்க. தேஞ்ச பழைய சாமானைக் கொண்டாந்திருந்தாங்க. நான் அளவெடுக்கப் போனேன். 'இருங்க தம்பி'ன்னுட்டு அவங்களே என் வெர்னியரை வாங்கி அளந்துட்டாங்க. அளந்தது மட்டுமா, துளையக் கால் மில்லி கூட்டிக் கடைஞ்சு குடுங்க, நைலான் சூட்டுல உப்பும்னு எனக்கே சொல்லிக் குடுக்குறாங்க! முப்பது வருசமா லேத் ஓட்டுறேனுங்க, எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்ல."

பாண்டியராஜ் தமிழ்மதியைப் பார்த்தான். தமிழ்மதி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல வந்தாங்க?"

"அது தெரியாதுங்க. பஸ்ஸுல வந்திருப்பாங்க. ஆனா ஒண்ணு, இந்தப் பக்கம் திங்கக்கிழமையும் புதன்கிழமையும் ஒரு செவப்புக் காரு..."

அவர் முடிப்பதற்குள் அது கடந்து போனது. சத்தமே இல்லை. கூரை ஏற்றியிருந்தது, கண்கள் மூடியிருந்தன. முன்னால் போன மில் பஸ்ஸின் வலப்பக்கம் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு முந்தி, ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு உள்ளே வந்து, திண்டுக்கல் திசையில் மறைந்தது.

"ஏறுங்க மேடம்!" என்று கத்திக்கொண்டே பாண்டியராஜ் ஆம்னிக்குள் பாய்ந்தான்.

அதன்பின் நடந்ததைத் துரத்தல் என்று சொல்வது ஆம்னிக்கு மரியாதைக்காகத்தான். முதல் இரண்டு கிலோமீட்டர் சிவப்பு வண்டி கண்ணுக்குத் தெரிந்தது. பாண்டியராஜ் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினான். ஆம்னி நடுங்கியது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் மட்டும் கொஞ்சம் முன்னேறினார். எதிரே ஆடுகள் ரோட்டைக் கடந்தன. சிவப்பு வண்டி வேகம் குறைத்து, ஒரு கியர் இறக்கி, ஆடுகள் எல்லாம் போகும் வரை பொறுமையாக நின்று, பிறகு ஒரே இழுப்பில் வளைவைக் கடந்தது.

அந்த வளைவில் பாண்டியராஜ் தன்னை மறந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

"என்னண்ணே?"

"கவனிச்சீங்களா மேடம், வளைவுக்கு உள்ள பிரேக்கே புடிக்கல. முன்னாலயே கொறச்சு, கியர் எறக்கி, வெளிய வரும்போது முறுக்குறாங்க. எங்க மில்லுல நாப்பது டிரைவர் இருந்தோம். இப்படி ஓட்டத் தெரிஞ்சது ரெண்டே பேருதான்."

"இன்னொருத்தர் யாரு?"

"அவரு ரிடையராயிட்டாரு" என்றான் பாண்டியராஜ் கூச்சமில்லாமல்.

வண்டி கண்ணிலிருந்து மறைந்தது. தமிழ்மதி பதறவே இல்லை. "மெதுவாவே போங்க. அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்."

*

ஷெட் பூட்டியிருந்தது. வண்டி இப்போது கதவை ஒட்டி நின்றது. கதவு இடுக்கில் கையை விட்டு பாண்டியராஜ் பானட்டைத் தொட்டான். "ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டான். தோசை வார்க்கலாம் போல் சுட்டது.

ஷரீஃபா வீட்டு வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பாகற்காய்.

"சாப்பிட்டுத்தான் போகணும். பாகற்காயப் பொடிசா நறுக்கி வறுத்தா உங்க பாய்க்கு வேற வெஞ்சனமே வேணாம்."

"நல்லா காய்ச்சிருக்கு அக்கா" என்றாள் தமிழ்மதி, படியில் உட்கார்ந்துகொண்டே. "இருக்காதா பின்ன? தாய்லாந்துக் கம்புல படர்ந்தது."

கத்தி நின்றது.

பாண்டியராஜின் வாய் தானாகத் திறந்தது. எவர்சில்வர் கம்பு! அந்த நுனியில் ஒரு வாளி அகலத்துக்கு உருளையாக வீங்கியிருந்ததே! பதினெட்டு வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்தவன், செடிக்கு ஊன்றியிருந்தது என்பதால் ஒரு சைலன்சரைக் கம்பு என்று நம்பிவிட்டான்.

"காலையில டீத் தட்டை வைக்க இடம் பண்ணுனீங்க" என்று தமிழ்மதி தொடர்ந்தாள். "பெஞ்சுல கிடந்தது பன்னெண்டு-பதிமூணு ஸ்பானர். அதப் பலகையில பத்து-பதினொண்ணுக்கும் பதினாலு-பதினஞ்சுக்கும் நடுவுல மாட்டினீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. பாய் அதே ஸ்பானரை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாம பெஞ்சுல போட்டிருந்தாரு. அப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு. மீதிய ஈஸ்வரன் சொன்னாரு."

ஷரீஃபா கத்தியைக் கீழே வைத்தார். பயந்தவர் போல் தெரியவில்லை. கனமான கூடையை ஒருவழியாக இறக்கி வைத்தவர் போலத்தான் தெரிந்தது.

"எங்க அத்தா கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறை வச்சிருந்தாங்க. நான் ஒரே பொண்ணு. பத்து வயசுல லாரி இன்ஜின் சத்தத்த வச்சே எந்த சிலிண்டர் அடிக்கலைன்னு சொல்லுவேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமான்னு அவுங்க என்கிட்ட கேட்டதே இல்ல. நானும் சொன்னதில்ல. பதினொரு வருஷமா அந்த வண்டிய அவுங்க படுத்துற பாடு இருக்கே! இன்டர்நெட்டுல எதப் பாத்தாலும் வாங்கி மாட்டுவாங்க. அந்தக் குட்டை ஸ்பிரிங்கப் போட்டப்புறம் வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடிவயிறு தேஞ்சு அழும். உள்ள அடுப்படியில நின்னு கேப்பேன்."

"அந்தோணிராஜ்?"

"அவருகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். ஸ்பிரிங்க ரெண்டு பேருமாத்தான் மாத்துனோம். கண்ணு மட்டும் நானே பண்ணேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டேன். அவுங்க கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். போலீசு வரைக்கும் போவாங்கன்னு நெனக்கல." நறுக்கிய காயை ஓரமாகத் தள்ளினார். "அஞ்சு மணிக்கு முன்னால நானே சொல்லிருவேம்மா. அந்த நல்ல மனுசன் ஸ்டேஷன் வாசல் மிதிக்கக் கூடாது."

"வேடசந்தூர்ல என்னக்கா வேலை?" என்று கேட்டான் பாண்டியராஜ்.

"அவுங்க குடோனுக்குப் போனதும் கிளம்பிருவேன். மூடிக் கிடக்கிற மில்லு ஒண்ணு இருக்கு. அதோட லாரி நிறுத்துற மைதானத்துல செங்கல்லு அடுக்கி வச்சு, நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டிப் பாப்பேன்."

"எதுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் வெளிக்கதவு திறந்தது. கிதர் முகம்மது உள்ளே வந்தார். சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. புகார் மனு.

"ஆள் கிடைச்சுதா மேடம்?"

ஷரீஃபா எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"நீதான் என்ன?"

"சைலன்சர், ஸ்பிரிங்கு, கண்ணு. எல்லாம் நான்தான். வாரத்துல ரெண்டு நாள் ஓட்டுறதும் நான்தான்."

கிதர் முகம்மது முதலில் சிரித்தார். பிறகு தமிழ்மதியைப் பார்த்தார். பிறகு பாண்டியராஜைப் பார்த்தார். வேடிக்கை பேசுகிற அவன்கூடச் சிரிக்கவில்லை என்றதும் அவர் சிரிப்பு நின்றது. முகம் வண்டியின் நிறத்துக்கு வந்தது. திட்டப் போகிறார் என்று பாண்டியராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"ரெண்டாவது கியரு" என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில். "காலையில எடுத்தா எனக்கு விழவே விழாது. கரகரன்னு கத்தும். இப்ப கொஞ்ச நாளா லேசா விழுது. அதுவும் நீயா?"

"கியர் ஆயில் தப்புங்க. நீங்க போட்டது கெட்டி. நான் மாத்திட்டேன்."

"அதையும் மாத்திட்டியா" என்று முணுமுணுத்தார்.

தமிழ்மதி மெதுவாகப் பேசினாள். "பாய், நான் ஒண்ணு கேக்கவா? வண்டிய எடுத்துக்கிட்டு நீங்க எம்புட்டு வேகம் வரைக்கும் போவீங்க?"

"அது... ரோட்டப் பொறுத்து."

"நாப்பது" என்றார் ஷரீஃபா.

"நாப்பத்தஞ்சு!" என்றார் கிதர் முகம்மது.

"ஞாயித்துக்கிழமை கூம்பைச் சுத்தி ஓட்டணும்னு ஊர் பூராவும் சொல்லிட்டீங்க" என்றாள் தமிழ்மதி. "சைலன்சர் காணோம்னதும் கோவம் வந்துச்சு, சரி. கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்துச்சா, இல்லையா?"

இம்முறை அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. படிக்கட்டில் மனைவிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு காற்று இறங்கிய டயர் போலத் தொய்ந்தது.

"பத்து நாளாத் தூக்கமில்ல ஷரீஃபா. கண்ண மூடினா கூம்பா வருது. எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறேன். கடைவீதியே நின்னு சிரிக்குது." சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். "நீ... ஓட்டுறியா? கிளப்புல இப்ப சொன்னா பேரை மாத்திக் குடுப்பாங்களா?"

ஷரீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு வாரத்துக்கு முன்னாலயே மாத்திட்டேன்" என்றார்.

*

நாகல் நகரில் அந்தோணிராஜ் இன்னும் அதே ஜீப்பின் அடியில்தான் இருந்தார். விஷயத்தைச் சொல்லலாம் என்று தமிழ்மதியோடு முன்னால் வந்த பாண்டியராஜ், குத்துக்காலிட்டு ஜீப்புக்கு அடியில் தலையை நீட்டியிருந்தான். பாதிதான் சொல்லியிருப்பான். வெளியே ஒரு வண்டி வந்து நிற்கிற அரவம், சரளைக்கல் நெரியும் ஓசை மட்டும், இருவருக்கும் கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லை.

ஜீப்பின் அடியிலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும். முதலில் வலப்பக்கக் கதவு திறந்தது. ஸ்டியரிங் இருக்கும் பக்கம். ஒரு ஜோடி பெண்பிள்ளைச் செருப்பு இறங்கியது. பிறகு இடப்பக்கக் கதவு திறந்தது. அதிலிருந்து, தடுமாறி, காரைப் பிடித்துக்கொண்டு, திண்டுக்கல்லிலேயே விலை உயர்ந்த ஒரு ஜோடித் தோல் ஷூ இறங்கியது.

அந்தோணிராஜின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஷூக்கள் ஜீப்பின் அருகே வந்து நின்றன.

"அந்தோணி, வெளிய வா."

"போலீசு வந்திருக்கா பாய்?"

"இல்ல."

"அப்ப எனக்கு வேலை கிடக்கு."

அதன் பிறகு நடந்ததை பாண்டியராஜ் பல நாள் பலரிடம் சொன்னான், யாரும் நம்பவில்லை. சட்டையில் தூசு பட்டாலே வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரும் கிதர் முகம்மது, எண்ணெயும் கிரீஸும் ஊறிய அந்தத் தரையில் வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, முதுகாலேயே தேய்த்துத் தேய்த்து ஜீப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். இடம் கொடுக்க பாண்டியராஜ் தலையை வெளியே இழுத்துக்கொண்டான்.

"என்னைய மன்னிச்சிரு அந்தோணி" என்ற குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது. "உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வரும்போது எம்புட்டு வேகத்துல வந்தீங்க பாய்?"

"கேக்காத. கண்ண மூடிக்கிட்டேன்."

அதற்கு மேல் இருவராலும் அடக்க முடியவில்லை. ஜீப் குலுங்கியது. வெளியே நீட்டியிருந்த இரண்டு ஜோடி நீளக் கால்களும் குலுங்கின. தமிழ்மதி சுவரில் சாய்ந்துகொண்டு, கேஸ் நோட்டின் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

ஷரீஃபா வானத்தைப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கார்ச் சாவியை ஒரு முறை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு, குனிந்து ஜீப்பின் அடியில் பார்த்தார்.

"சிரிச்சது போதும், ரெண்டு பேரும் வெளிய வாங்க. பொழுது சாயறதுக்குள்ள இன்னும் நாலு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். எனக்குச் செங்கல்லு அடுக்க ஆளு வேணும்."